பி-ஸ்பெக்: பந்தய வீடியோ கேம்களில் தானோட்ட முறை

பி-ஸ்பெக் என்பது ‘கிரான் டூரிஸ்மோ’ என்னும் ஜப்பானியக் கார்ப் பந்தய வீடியோ கேம் வரிசையில் உள்ள ஓர் ஆட்ட முறை. இதில் ஆட்டக்காரர் ஸ்டியரிங்கையோ பிரேக்கையோ தொடுவதில்லை. பந்தயக் குழுவின் தலைவராக, தடத்தோரம் கார்களைப் பராமரிக்கும் ‘பிட்’ பகுதியின் சுவரோரம் நின்று, கணினி ஓட்டும் ஓட்டுநருக்குக் கட்டளை மட்டும் இடுகிறார். பிளேஸ்டேஷன் 2 கருவிக்காக 2004 டிசம்பர் 28 அன்று ஜப்பானில் வெளியான ‘கிரான் டூரிஸ்மோ 4’ இந்த முறையை அறிமுகப்படுத்தியது. வரிசையை உருவாக்கியவர் கசுனோரி யமாவுச்சி. அவர் தலைமையிலான பாலிஃபோனி டிஜிட்டல், சோனியின் துணை நிறுவனம். ஓட்டுவதற்கென்றே வாங்கிய விளையாட்டில் ஓட்டாமல் உட்கார்ந்திருப்பதில் என்ன இன்பம் என்ற கேள்வி அன்றே எழுந்தது. அதற்கான விடை பி-ஸ்பெக் அமைக்கப்பட்ட விதத்திலேயே இருக்கிறது.

பெயர்

2001இல் வந்த மூன்றாம் ஆட்டத்தின் முழுப்பெயர் ‘கிரான் டூரிஸ்மோ 3: ஏ-ஸ்பெக்’. நான்காம் ஆட்டத்தில் ஏ-ஸ்பெக் என்பது தன் கையால் ஓட்டும் முறையின் பெயராகவும், பி-ஸ்பெக் என்பது பிறரை ஓட்டவைக்கும் முறையின் பெயராகவும் நிலைத்தன. ஆங்கிலம் பேசும் ரசிகர்கள் அந்தக் கணினி ஓட்டுநருக்கு ‘பாப்’ என்று செல்லப்பெயர் வைத்தார்கள். இந்தப் பெயர் ரசிகர்களிடையே பரவியது. முகமில்லாத ஒரு நிரலுக்கு மக்கள் பெயர் வைக்கிறார்கள் என்றால், அதனோடு உறவு தொடங்கிவிட்டது என்றுதான் கொள்ள வேண்டும்.

இயங்கும் விதம்

நான்காம் ஆட்டத்தில் கட்டளைகள் மிகக் குறைவு. வேகத்தை ஐந்து படிகளில் கூட்டலாம், குறைக்கலாம். முன்னால் போகும் காரை முந்தச் சொல்லலாம். டயர் மாற்றவும் பெட்ரோல் நிரப்பவும் பிட்டுக்கு அழைக்கலாம். மற்றதெல்லாம் ஓட்டுநர் பாடு. உச்சப் படியில் வைத்தால் வேகம் கிடைக்கும், ஆனால் டயர் சீக்கிரம் தேயும், வளைவில் தடம் தவறி மணலில் இறங்கவும் வாய்ப்புண்டு. கீழ்ப்படியில் வைத்தால் கார் பத்திரம், பின்னால் வருபவன் நெருங்கிவிடுவான். ஓட்டுநரின் திறமை மூன்று வகையாகக் கணக்கிடப்படும்: காரைக் கையாளும் திறன், தடத்தை அறியும் திறன், பிற கார்களோடு போட்டியிடும் திறன். ஓட ஓட இவை வளரும். முதல் சில பந்தயங்களில் பாப் பரிதாபமாக ஓட்டுவான். முன்னால் மெதுவாகப் போகும் காரின் பின்னே பொறுமையாக ஒட்டிக்கொண்டு சுற்றுக் கணக்காகப் போவான். நேர்ச்சாலையில் தாராளமாக முந்தக்கூடிய இடத்திலும் தயங்குவான். பார்த்துக்கொண்டிருப்பவருக்குக் கை பரபரக்கும்.

ஆறு ஆண்டுகள் கழித்து, 2010 நவம்பர் 24 அன்று பிளேஸ்டேஷன் 3இல் வந்த ஐந்தாம் ஆட்டம் இந்தப் பரபரப்பையே மையமாக்கியது. ஆட்டக்காரர் ஒன்றுக்கு மேற்பட்ட ஓட்டுநர்களைத் தன் குழுவில் சேர்த்து வளர்க்கலாம். ஏ-ஸ்பெக்குக்குத் தனி, பி-ஸ்பெக்குக்குத் தனி என்று 40 நிலைகள் வரை ஏறிச்செல்லும் இரண்டு ஏணிகள் இருந்தன. எல்லாவற்றையும்விட முக்கியமாக, ஓட்டுநருக்கு மனநிலை வந்தது. உடல் வலு, மன வலு ஆகியவற்றோடு, அவர் சூடாக இருக்கிறாரா, நிதானமாக இருக்கிறாரா என்பதைக் காட்டும் ஓர் அளவுகோலும் திரையில் தெரியும். ‘வேகத்தைக் கூட்டு’ என்று மீண்டும் மீண்டும் சொன்னால் அவர் சூடேறுவார். அளவுக்கு மீறிச் சூடேறினால் பிரேக்கைத் தாமதமாக மிதித்துத் தடத்தைவிட்டுப் பாய்வார். அப்போது ‘வேகத்தைக் குறை’ என்று சொல்லி ஆற்ற வேண்டும். ரொம்ப ஆறிப்போனால் சுணங்கிவிடுவார், மறுபடி உசுப்ப வேண்டும். ஒருவரை எப்போது தட்டிக்கொடுப்பது, எப்போது அதட்டுவது, எப்போது வாயை மூடிக்கொண்டிருப்பது என்பதுதான் ஆட்டத்தின் முழு நுட்பமும். மூன்றாவதைக் கற்றுக்கொள்ளத்தான் எல்லாருக்கும் நாளாகும்.

நெடுநேரப் பந்தயமும் இரவும்

பி-ஸ்பெக்கின் உண்மையான வீடு நெடுநேரப் பந்தயம். நான்காம் ஆட்டத்தில் பிரான்சின் லெ மான் நகரத்துச் சார்த் தடத்திலும், ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்திலும் 24 மணி நேரப் பந்தயங்கள் இருந்தன. 24 மணி நேரம் என்றால் கடிகாரத்தின் அசல் 24 மணி நேரம். நடுவில் சேமித்துவைத்து நாளைக்குத் தொடரும் வசதி கிடையாது. கருவியை அணைத்தால் பந்தயம் போயிற்று. நூர்பர்க்ரிங்கின் வடக்கு வளையம் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 21 கிலோமீட்டர். காடும் மேடும் பள்ளமுமாக, எழுபதுக்கும் மேற்பட்ட வளைவுகளோடு கிடக்கும் அந்தச் சாலையை ஒரு மனிதர் ஒரே மூச்சில் ஒரு நாள் முழுக்க ஓட்டுவது நடக்கிற காரியமல்ல. பி-ஸ்பெக்கில் காலத்தை மூன்று மடங்கு வேகமாக ஓடவிடலாம் என்பதால் 24 மணி நேரம் எட்டாகச் சுருங்கியது. எட்டு மணி நேரம் என்பது ஓர் இரவு.

அதனால் ஒரு பழக்கம் பிறந்தது. இரவு பந்தயத்தைத் தொடங்கிவைத்துவிட்டு, தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்துவிட்டுப் படுத்துவிடுவார்கள். நடுவில் தண்ணீர் குடிக்க எழுந்தால் திரையை ஒரு பார்வை. இரண்டாம் இடம், முதல் இடத்துக்கு இத்தனை நொடி இடைவெளி. மனம் கேட்காமல் வேகத்தை ஒரு படி கூட்டிவிட்டுப் படுப்பார்கள். காலையில் கார் முதலிடத்தில் இருக்கலாம், சுவரில் உரசி உரசிப் பின்தங்கியிருக்கலாம். இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்வது மேலோட்டமான தீர்ப்பு. சோம்பேறிக்கு நடு இரவில் விழிப்பு வராது. அடுப்பில் பால் வைத்தவரும், பரீட்சை எழுதப் பிள்ளையை அனுப்பிவிட்டு வெளியே நிற்கும் பெற்றோரும் சும்மா இருப்பதாகச் சொல்ல முடியாதல்லவா, அதுபோலத்தான் இதுவும். கைக்கு வேலை இல்லாதபோது மனத்துக்கு வேலை கூடுகிறது.

மெய்யான நெடுநேரப் பந்தயமும் இப்படித்தான் நடக்கிறது. 1923 முதல் நடக்கும் லெ மான் பந்தயத்தில் இப்போது ஒரு காரை மூன்று ஓட்டுநர்கள் மாற்றி மாற்றி ஓட்டுகிறார்கள். மற்ற இருவரும் பொறியாளர்களும் திரையில் எண்களைப் பார்த்தபடி காத்திருக்கிறார்கள். யமாவுச்சியே 2010 முதல் நூர்பர்க்ரிங் 24 மணி நேரப் பந்தயத்தில் ஓட்டுநராகக் கலந்துகொண்டு, 2012இல் நிசான் ஜிடி-ஆர் காரில் தன் வகுப்பில் வெற்றிபெற்ற குழுவில் இருந்தார். காரை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டுக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்பதை, விளையாட்டில் வடித்துவைத்த பிறகு தானும் அனுபவித்தவர் அவர்.

ஐந்தாம் ஆட்டத்தில் காலத்தை விரைவுபடுத்தும் வசதி இல்லாமல் போனது. ரசிகர்கள் இதைக் குறையாகவே சொன்னார்கள், அது நியாயமான குறைதான். ஒவ்வொரு சிறு பந்தயத்தையும் முழு நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டியிருந்தபோது, காத்திருப்பின் சுவை பல இடங்களில் வெறும் அலுப்பாகிவிட்டது. நம்பி விட்டுப்போக இடம் கொடுக்காத தானோட்டம் கண்காணிப்பு வேலையாகிவிடுகிறது.

முன்னோடிகளும் உறவுகளும்

ஓட்டாமல் பார்த்திருக்கும் இன்பம் ஜப்பானியர்களுக்குப் புதிதல்ல. டமியா நிறுவனம் 1982இல் வெளியிட்ட மினி 4டபிள்யூடி பொம்மைக் கார்களுக்கு ஸ்டியரிங்கும் கிடையாது, ரிமோட்டும் கிடையாது. இரண்டு பேட்டரிகளைப் போட்டுத் தடத்தில் விட்டால், பக்கவாட்டு உருளைகள் சுவரைத் தடவிக்கொண்டு கார் தானே வளைந்து ஓடும். மோட்டாரைத் தேர்ந்தெடுப்பது, எடையைக் குறைப்பது, உருளைகளை மாற்றுவது எல்லாம் பந்தயத்துக்கு முன்னால். கையைவிட்டு நழுவிய நொடிக்குப் பிறகு, ஓடிப்போய்ப் பார்ப்பதைத் தவிர சிறுவனால் செய்ய எதுவும் இல்லை. அந்தக் கையறு நிலையில்தான் அவன் உச்சக் குரலில் கத்துவான்.

1991இல் ஃபாமிகாம் கருவிக்கு வந்த ‘டெர்பி ஸ்டாலியன்’ குதிரைப் பந்தயத்தை இதே வழியில் அமைத்தது: குதிரையை இனவிருத்தி செய்து வளர்த்துப் பழக்குவது ஆட்டக்காரர், பந்தயத்தில் ஓட்டுவது கணினியின் ஜாக்கி. 2021 பிப்ரவரியில் ஜப்பானில் கைபேசிக்கு வந்த ‘உமாமுசுமே: பிரிட்டி டெர்பி’ அந்த வழியில் வந்த பிள்ளை, புகழ்பெற்ற பந்தயக் குதிரைகளின் பெயர் தாங்கிய பெண் பாத்திரங்களை நீண்ட பயிற்சியில் தயார்செய்து, ஓட்டத்தின்போது வெறுமனே பார்த்திருக்க வேண்டும். அது பெற்ற பெருவெற்றி, ஓட்டாத பந்தயத்தின் கவர்ச்சிக்குக் கண்முன் நிற்கும் சான்று.

அமெரிக்காவின் ‘ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட்’ வேறு பாதையில் போனது. 2005இல் எக்ஸ்பாக்ஸ் கருவிக்கு வந்த முதல் ஆட்டத்தில், மைக்ரோசாஃப்டின் கேம்பிரிட்ஜ் ஆய்வகம் உருவாக்கிய ‘டிரைவட்டார்’ இருந்தது. ஆட்டக்காரர் வளைவில் எங்கே திரும்புகிறார், எங்கே பிரேக் போடுகிறார் என்பதைக் கவனித்துக் கற்று, அவர் பாணியில் அவருக்குப் பதிலாக ஓட்டும் நிரல் அது. 2013இல் வந்த ஐந்தாம் ‘ஃபோர்ஸா’ ஆட்டத்தில் இந்த உருவங்கள் இணையத்தின் வழியே மற்றவர்களின் பந்தயங்களுக்குள் நுழைந்து ஓடி, உரியவர் தூங்கும்போது அவருக்குப் பணம் ஈட்டிக்கொண்டு வந்தன. பாப் வளர்ப்புப் பிள்ளை என்றால், டிரைவட்டார் கண்ணாடி. தன் தவறுகளையே இன்னொருவர் செய்வதைப் பார்ப்பதில் ஒரு கிளர்ச்சி உண்டு. ஆனால் கண்ணாடியின் மேல் கவலை வராது.

வேறு நோக்கங்கள்

தானோட்டம் என்ற ஒரே சொல்லுக்குள் வேறு பொருள்களும் அடங்குகின்றன. 2017 ஏப்ரலில் நின்டெண்டோ ஸ்விட்சுக்கு வந்த ‘மரியோ கார்ட் 8 டீலக்ஸ்’ ஆட்டத்தில், கார் தடத்தைவிட்டு விலகாமல் தானே திருத்திக்கொள்ளும் வசதியும், ஆக்சிலேட்டரைத் தானே அழுத்திக்கொள்ளும் வசதியும் உண்டு. முதல் வசதியைப் போட்டால் காரின் பின்னால் ஒரு சிறு ஆன்டெனா முளைக்கும். இரண்டையும் போட்டுவிட்டால் நான்கு வயதுக் குழந்தையும் பாட்டியும் ஒரே சோபாவில் உட்கார்ந்து அக்காவோடு பந்தயம் விடலாம். கை நடுங்குபவர்களும், ஒரு கையால் மட்டுமே கன்ட்ரோலரைப் பிடிக்க முடிந்தவர்களும் பந்தயத்தை முடிக்கலாம். தடத்துக்கு வெளியே போய்ப் பிடிக்க வேண்டிய சில குறுக்கு வழிகள் இந்த வசதியோடு கிடைக்காது என்பது நியாயமான விலை. இது பி-ஸ்பெக் தரும் இன்பமல்ல, ஆனால் அதைவிடத் தேவையானது.

இதற்கு நேரெதிரானது ரப்பர் வளைய முறை. கன்ட்ரோலரின் குமிழில் ரப்பர் வளையத்தை மாட்டி, ஆக்சிலேட்டர் எப்போதும் அழுந்தியே இருக்கும்படி செய்துவிட்டுப் போய்விடுவார்கள். கார் சுவரை உரசிக்கொண்டே சுற்றிவரும், விளையாட்டுக்குள் பணம் சேரும். இப்போது அதே வேலையைக் கணினியில் எழுதிய நிரல்கள் செய்கின்றன. இதில் ஓட்டுநரும் இல்லை, பார்வையாளரும் இல்லை. விலை உயர்ந்த ஒரு காரை வாங்க ஒரே தடத்தை நூறு முறை சுற்ற வேண்டும் என்று வைத்தால் மக்கள் ரப்பர் வளையத்தைத் தேடுவார்கள். குற்றம் வளையத்தை மாட்டியவருடையது என்பதைவிட, சுற்றுவதைக் கூலி வேலையாக்கிய அமைப்புடையது என்பதே சரி.

சோஃபி

2022 பிப்ரவரியில் ‘நேச்சர்’ ஆய்விதழ், ‘கிரான் டூரிஸ்மோ’வில் உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்களை வென்ற ‘ஜிடி சோஃபி’ என்னும் செயற்கை நுண்ணறிவைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டது. சோனி ஏஐ நிறுவனமும் பாலிஃபோனியும் சேர்ந்து உருவாக்கிய சோஃபி, தவறு செய்து செய்து, தானே திருத்திக்கொண்டு கற்றது. பின்னர் ஏழாம் ஆட்டத்திலும் அதை எதிராளியாகக் கொண்டுவந்தார்கள். பாப்பின் தயக்கங்கள் எதுவும் அதனிடம் இல்லை: முந்த இடம் கிடைத்தால் முந்தும், எதிராளியின் காருக்குப் பின்னால் காற்றுத் தடை குறையும் இடத்தில் ஒளிந்து வேகம் எடுக்கும். எதிராளியாக அது அருமை. ஆனால் அதன் பிட் சுவரோரம் நின்று யாரும் நகம் கடிக்கப் போவதில்லை. தவறக்கூடியவருக்காகத்தான் கவலைப்பட முடியும்.

பின்னாளைய நிலை

2013 டிசம்பரில் வந்த ஆறாம் ஆட்டம் பி-ஸ்பெக் இல்லாமலே வெளியாகி, 2015இல் ஒரு புதுப்பிப்பின் வழியே அதைப் பெற்றது. 2017இன் ‘கிரான் டூரிஸ்மோ ஸ்போர்ட்’ ஆட்டத்தில் அந்த முறை இல்லை. 2022 மார்ச்சில் ஏழாம் ஆட்டம் வெளிவந்தபோதும் இல்லை. ஐந்தாம் ஆட்டத்தின் இணையச் சேவை 2014இல் நிறுத்தப்பட்டது. தனியாக விளையாடும் பந்தயங்கள் மட்டும் வட்டிலிருந்து ஓடும். நான்காம் ஆட்டத்துக்கு இணையமே தேவையில்லை. பல இரவுகள் விழித்து வளர்த்த பாப்பின் திறமைகள் எல்லாம் பிளேஸ்டேஷன் 2இன் எட்டு மெகாபைட் நினைவு அட்டையில், தீப்பெட்டி அளவுள்ள ஒரு கறுப்பு வில்லையில், பதிந்திருக்கின்றன. அட்டை பழுதானால், மெதுவாகப் போகும் காரின் பின்னே தயங்கி நிற்கும் அந்தப் பழைய ஓட்டுநரிடமிருந்துதான் மறுபடி தொடங்க வேண்டும்.