தூய்மைப் பணி ஒப்பந்தம்: எடைக்குக் காசா, சுத்தத்துக்குக் காசா? ஒப்பந்ததாரருக்கு மார்க் போடுவது எப்படி?

பேருந்து நிலையக் கழிப்பறைப் பக்கம் போனாலே மூக்கைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஆனால் அதைச் சுத்தம் செய்ய ஒப்பந்தம் எடுத்தவருக்கு மாதம் தவறாமல் முழு பில்லும் பாஸ் ஆகிவிடுகிறது. இது எப்படி?

பெரும்பாலும் பதில் ஒன்றுதான். அந்த ஒப்பந்தத்தில் 'சுத்தம்' என்பதற்கு அளவே இருக்காது. எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை டன் அள்ளினார்கள் என்ற கணக்கு மட்டும் இருக்கும். அந்தக் கணக்கு சரியாக இருந்தால் பில்லும் சரி.

திருவேங்கடம் பேரூராட்சியோ, சங்கரன்கோவில் நகராட்சியோ, அரசு மருத்துவமனையோ, தனியார் வங்கிக் கிளையோ, தூய்மைப் பணியை வெளியாட்களிடம் விடும் எந்த இடத்துக்கும் இது பொருந்தும். இதில் சென்னை கால் நூற்றாண்டாகப் படித்த பாடம் ஒன்று இருக்கிறது. அதிலிருந்தே தொடங்கலாம்.

சுருக்கமாக:

• எதை அளந்து பணம் கொடுக்கிறோமோ, அதுதான் நடக்கும்.
• எடை, ஆள் எண்ணிக்கை ஆகியவை எளிய அளவுகள். ஆனால் அவை சுத்தத்தை அளப்பதில்லை.
• பலனை அளந்து பணம் பிடிப்பது நல்ல முறை. ஆனால் பிடித்தம் யார் பையிலிருந்து போகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

சென்னையில் என்ன நடந்தது?

2000-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சி மூன்று மண்டலங்களின் குப்பை அகற்றும் பணியை ஓனிக்ஸ் நிறுவனத்திடம் கொடுத்தது. குப்பை லாரியையே 'ஓனிக்ஸ் வண்டி' என்று மக்கள் கூப்பிடும் அளவுக்கு அந்தப் பெயர் பரவியது. 2007-ல் அந்த ஒப்பந்தம் முடிய, நீல் மெட்டல் ஃபனால்கா வந்தது. 2012-ல் ராம்கி வந்தது.

அந்தக் காலத்தில் பணம் கொடுக்கப்பட்டது டன் கணக்கில். லாரி எடை மேடையில் ஏறும், எடை பதிவாகும், அதற்கேற்ற ரூபாய் கைக்கு வரும். கணக்குப் பார்க்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

ஆனால் டன்னுக்குக் காசு என்றால் டன் கூடத்தானே செய்யும்? குப்பையோடு கட்டட இடிபாடுகளையும் மண்ணையும் சேர்த்து எடை கூட்டுகிறார்கள் என்ற புகார் அந்த ஆண்டுகளில் திரும்பத் திரும்ப எழுந்தது. லேசான பிளாஸ்டிக் கவர் சிதறிக் கிடக்கும் தெருவைப் பெருக்கினால் எடையும் வராது, காசும் வராது. ஒரே இடத்தில் குவிந்து கிடக்கும் குப்பையை அள்ளினால்தான் லாபம்.

இதைவிடப் பெரிய சிக்கலும் உண்டு. வீட்டிலேயே மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்தால் கிடங்குக்குப் போகும் அளவு குறையும். 2016-ன் திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொன்னதும் அதைத்தான். டன்னுக்குப் பணம் வாங்கும் நிறுவனத்துக்கு அது வருமான இழப்பு. கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் குப்பை மலை வளர வளர பில்லும் வளரும்.

2020-ல் இந்த முறை மாறியது. ஸ்பெயினின் உர்பேசர் நிறுவனமும் இந்தியாவின் சுமீத் நிறுவனமும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்குத் தேனாம்பேட்டை, கோடம்பாக்கம், அடையாறு உள்ளிட்ட 7 மண்டலங்கள் 8 ஆண்டுகளுக்குக் கொடுக்கப்பட்டன. எடைக்குப் பதிலாக 'செயல்திறன் குறியீடுகள்' அடிப்படையில் பணம் என்று ஒப்பந்தம் போடப்பட்டது. அலுவலக பாஷையில் இதை கே.பி.ஐ. என்பார்கள். எல்லா வீட்டிலும் குப்பை வாங்கினார்களா, பிரித்து வாங்கினார்களா, தெரு பெருக்கப்பட்டதா, புகார் தீர்ந்ததா என்பது மாதிரியான கேள்விகளுக்கு மார்க் போட்டு, குறைந்தால் பணம் பிடிப்பதுதான் இந்த முறை.

அளப்பதற்கு எத்தனை வழி இருக்கிறது?

தூய்மைப் பணியை நான்கு விதமாக அளக்கலாம். ஒவ்வொன்றிலும் ஓர் ஓட்டை உண்டு.

1. எடைக் கணக்கு: எத்தனை டன் குப்பை? ஓட்டை என்ன என்பதைச் சென்னைக் கதையில் பார்த்துவிட்டோம்.

2. ஆள் கணக்கு: 20 பேர் வர வேண்டும், வந்தார்களா? வராத ஆளுக்கும் வருகை போட்டுவிடலாம் என்பது முதல் ஓட்டை. 20 பேரும் வந்து, இடம் அழுக்காகவே இருந்தாலும் பில் பாஸ் ஆகும் என்பது இரண்டாவது.

3. வேலைக் கணக்கு: ஒரு நாளைக்குக் கழிப்பறையை நான்கு முறை கழுவினார்களா? கதவுக்குப் பின்னால் தொங்கும் அட்டையில் காலையிலேயே நான்கு கையெழுத்தும் போடப்பட்டிருந்தால் என்ன செய்வது?

4. பலன் கணக்கு: இப்போது போய்ப் பார்த்தால் சுத்தமாக இருக்கிறதா? நால்வழியில் சிறந்தது இதுதான். ஆனால் யார் பார்க்கிறார், எப்போது பார்க்கிறார் என்பதில் எல்லாமே அடங்கியிருக்கிறது.

மத்திய அரசின் ஜெம் கொள்முதல் தளத்திலும் ஆள் எண்ணிக்கை அடிப்படையில் பணியாளர்களைக் கேட்பது, பலன் அடிப்படையில் தூய்மைச் சேவையைக் கேட்பது என இரண்டு வழியும் இருக்கின்றன. ஆள் கணக்கில் டெண்டர் விட்டுவிட்டு, 'ஏன் சுத்தமாக இல்லை?' என்று பின்னால் கேட்டால் ஒப்பந்ததாரர் வருகைப் பதிவேட்டைத்தான் நீட்டுவார்.

'சுத்தம்' என்பதை எப்படி எழுதுவது?

'திருப்திகரமாகச் சுத்தம் செய்ய வேண்டும்' என்று எழுதினால் அதை அளக்க முடியாது. உங்களுக்குத் திருப்தியாக இருப்பது இன்னொருவருக்கு இருக்காது. அதனால் கண்ணால் பார்த்து ஆம், இல்லை என்று சொல்லும்படி எழுத வேண்டும்.

உதாரணமாக: கழிப்பறைத் தரையில் தண்ணீர் தேங்கவில்லை. பீங்கானில் மஞ்சள் கறை இல்லை. குழாயில் தண்ணீர் வருகிறது. கை கழுவும் இடத்தில் சோப்பு இருக்கிறது. குப்பைத் தொட்டி முக்கால் பங்குக்கு மேல் நிரம்பவில்லை.

அரசு மருத்துவமனைகளுக்காக மத்திய சுகாதாரத் துறை 2015 மே மாதம் தொடங்கிய 'காயகல்ப்' திட்டம் இதற்கு நல்ல முன்மாதிரி. ஒவ்வொரு சோதனைப் புள்ளிக்கும் முழுமையாக இருந்தால் 2, பாதி இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. நேரில் பார்ப்பது, ஊழியரிடம் கேட்பது, நோயாளியிடம் கேட்பது, பதிவேட்டைச் சரிபார்ப்பது என நான்கு வழியில் மார்க் போடப்படும். பரிசுக்குத் தகுதி பெறவே 70 சதவீதம் வேண்டும்.

எல்லா இடத்துக்கும் ஒரே அளவுகோல் வைப்பதும் தவறு. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளுக்கு 2021-ல் வந்த தூய்மைத் தரநிலை, ஆபத்து மிக அதிகமான பகுதிக்கு 98 சதவீதம், மிகக் குறைந்த பகுதிக்கு 75 சதவீதம் என்று தனித்தனி இலக்கு வைக்கிறது. எத்தனை நட்சத்திரம் கிடைத்தது என்பதை நோயாளிகள் பார்க்கும்படி வார்டிலேயே ஒட்டவும் சொல்கிறது.

ஒரு மாத மார்க் ஷீட்: கணக்குப் போட்டுப் பார்ப்போம்

புரிவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு பேருந்து நிலையத் தூய்மைப் பணிக்கு மாத பில் 1,00,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

• கழிப்பறை: 30-க்கு 21
• நடைமேடை, தரை: 20-க்கு 18
• குப்பை அகற்றல்: 20-க்கு 18
• ஆள் வருகை, கையுறை, காலணி: 15-க்கு 12
• புகார் தீர்வு: 15-க்கு 12

மொத்தம் 81. ஒப்பந்தத்தில் '90-க்கு மேல் முழுப் பணம், 80 முதல் 89 வரை 5 சதவீதம் பிடித்தம், 70 முதல் 79 வரை 10 சதவீதம், அதற்கும் கீழே 15 சதவீதம்' என்று இருந்தால், இந்த மாதம் 5,000 ரூபாய் பிடித்தம்.

ஆனால் கொஞ்சம் கவனியுங்கள். கழிப்பறையில் கிடைத்தது 70 சதவீதம்தான். தரை பளபளப்பாக இருந்ததால் அந்தக் குறை மொத்த மார்க்கில் மறைந்துபோனது. அதனால்தான் முக்கியமான இனத்துக்குத் தனிப் பாஸ் மார்க் வைக்க வேண்டும். கழிப்பறையில் 75 சதவீதத்துக்குக் கீழே போனால், மொத்தம் எவ்வளவு வந்தாலும் ஒரு படி கீழே இறக்கிப் பிடிக்கலாம்.

இந்தப் பிடித்தத் தொகையும் நினைத்தபடி இருக்க முடியாது. 1872-ன் இந்திய ஒப்பந்தச் சட்டம் 74-ஆவது பிரிவின்படி, ஒப்பந்தத்தில் எழுதிய தொகையை உச்சவரம்பாகக் கொண்டு, நியாயமான இழப்பீடு மட்டுமே கேட்க முடியும்.

மார்க் போடுவது யார்? இங்கேதான் கோட்டை விடுகிறோம்

தினமும் காலை 10 மணிக்கு ஆய்வு என்றால் 9.45-க்கு இடம் பளிச்சென்று இருக்கும். மாலை 6 மணிக்கு யார் பார்ப்பது?

ரயில் பெட்டிகளில் தூய்மைப் பணியாளரே பயணியிடம் கருத்துப் படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கும் வழக்கத்தை நெடுந்தூரம் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். எதிரே நின்று பாவமாகக் கேட்கும் ஒருவருக்கு 'மோசம்' என்று எழுத யாருக்கு மனசு வரும்? யாருடைய வேலைக்கு மார்க் போடப்படுகிறதோ அவரே மார்க்கைச் சேகரித்தால் அது கணக்காகாது.

சரியான ஆய்வுக்குச் சில எளிய விதிகள் இருக்கின்றன:

• நேரமும் இடமும் குலுக்கல் முறையில் முடிவாக வேண்டும். அதிகாலை, மாலை, வார இறுதியும் அதில் வர வேண்டும்.
• அலுவலகத் தரப்பு, ஒப்பந்ததாரர் தரப்பு என இருவரும் சேர்ந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.
• நேரமும் இடமும் பதிவாகும் புகைப்படம் இருக்க வேண்டும்.
• கூட்ட நாளுக்குத் தனி விதி வேண்டும். ஆடித்தபசு நாளில் சங்கரன்கோவிலுக்குத் தேவைப்படும் ஆளும் தண்ணீரும் சாதாரண செவ்வாய்க்கிழமைக் கணக்கில் அடங்காது.
• தண்ணீர் வராதது, உடைந்த குழாய் போன்ற அலுவலகத்தின் குறைக்கு ஒப்பந்ததாரரின் மார்க்கைக் குறைக்கக் கூடாது.

பிடித்தம் யார் பையிலிருந்து?

பலரும் பேசாத பகுதி இது. அந்த ஒரு லட்ச ரூபாய் பில்லையே பிரித்துப் பார்ப்போம். சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. சேர்த்து 85,000. பினாயில், துடைப்பம் மாதிரியான பொருட்களுக்கு 8,000. ஒப்பந்ததாரர் பங்கு 7,000.

5,000 ரூபாய் பிடித்தால் ஒப்பந்ததாரர் பங்கிலிருந்து போகும். 15,000 பிடித்தால்? அவர் பங்கே 7,000-தான். மீதி 8,000-க்கு ஒன்று பினாயில் குறையும், அல்லது சம்பளம் குறையும். மோசமான மார்க்குக்கான அபராதத்தைத் துடைப்பம் பிடிக்கும் அம்மாதான் கட்டுவார். அடுத்த மாதம் இடம் இன்னும் மோசமாகும்.

அதனால் பிடித்தம் ஒப்பந்ததாரரின் சேவைக் கட்டணத்தைத் தாண்டாதபடி உச்சவரம்பு வைப்பது நல்லது. குறை தொடர்ந்தால் பணம் பிடித்துக்கொண்டே இருக்காமல் நோட்டீஸ், பிறகு ஒப்பந்த ரத்து என்று போக வேண்டும். லாபமே வைக்காமல் அடிமட்ட விலைக்கு டெண்டர் எடுப்பவரையும் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். அவர் எங்கிருந்து சம்பாதிக்கப் போகிறார்?

2025 ஆகஸ்ட்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்கள் தனியாருக்குப் போனபோது, தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன்பு 13 நாட்கள் போராடினார்கள். அவர்களது முக்கியக் கவலைகளில் ஒன்று சம்பளம் குறையும் என்பது. தெரு சுத்தமா என்று பல கேள்வி கேட்கும் மார்க் ஷீட்டில், பெருக்கியவருக்கு முழுச் சம்பளம் போனதா என்ற கேள்வியும் இருக்க வேண்டும் என்பதை அந்தப் போராட்டம் நினைவூட்டியது.

இதற்குச் சட்டத்திலும் இடம் உண்டு. ஒப்பந்ததாரர் சம்பளம் தராவிட்டால், வேலையைக் கொடுத்த முதன்மை வேலையளிப்பவரே தர வேண்டும் என்று 1970-ன் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் சொன்னது. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அந்தப் பொறுப்பு தொடர்கிறது. ஆகவே மாத பில்லோடு வங்கி வழியாகச் சம்பளம் போன சான்று, பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்டிய ரசீது ஆகியவற்றை வாங்கிப் பார்ப்பது அலுவலகத்துக்கும் பாதுகாப்பு.

நீங்கள் என்ன செய்யலாம்?

உங்கள் ஊரில் தூய்மைப் பணி ஒப்பந்தத்தில் விடப்பட்டிருந்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ன் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பிக்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். கேட்க வேண்டியவை:

• ஒப்பந்த நகல், அதில் பணம் எந்த அடிப்படையில் தரப்படுகிறது?
• கடந்த மூன்று மாத ஆய்வு அறிக்கைகளும் மார்க்கும்
• ஒவ்வொரு மாதமும் பிடித்த தொகை, அதற்கான காரணம்
• பணியாளர்களுக்குச் சம்பளமும் பி.எஃப்.பும் போனதற்கான சான்று

மூன்று மாதமும் முழு மார்க், பிடித்தம் பூஜ்யம் என்று பதில் வந்தால், அந்தத் தாளை எடுத்துக்கொண்டு கழிப்பறைக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். தாளில் இருப்பதும் கண்ணில் படுவதும் ஒத்துப்போகாவிட்டால் வார்டு கவுன்சிலரிடம் பேச ஆதாரம் கையில் இருக்கிறது.