காவ் சான் தெருவும் ஊஞ்சல் கம்பமும்

முதுகுப்பையோடு பாங்காக்கில் இறங்குவோர் பலருக்கும் காவ் சான் தெருவே நகரத்தின் முதல் முகம். ஏறத்தாழ 400 மீட்டர்தான்; விடுதிப் பலகைகள், பொரித்த தேள், துக்-துக் வண்டிகள், ஓயாத பாட்டு. முதல் மாலையில் எங்களுக்கும் காதுதான் நிறைந்தது.

பெயர் வேறொரு தெருவைக் காட்டுகிறது. காவ் சான் என்றால் உமி நீக்கிய அரிசி. (நெல்லையும் அரிசியையும் பிரித்துச் சொல்லும் மொழி, நம்முடையதைப் போல.) ஐந்தாம் ராமா மன்னர் காலத்தில் 1892இல் அமைந்த இத்தெருவுக்கு அரிசி வணிகமே பெயர் தந்தது. முதுகுப்பைக்காரர்கள் பெருகியது 1980களில். 1782இல் தலைநகரான இவ்வூர் வாய்க்கால்களின் ஊர். அவற்றுள் பல தூர்க்கப்பட்டுச் சாலைகளாயின. படகுக்கென அமைந்த ஊரில் வண்டிகள் திணறாமல் என்ன செய்யும்?

அங்கிருந்து நடக்கும் தொலைவில், 1784இல் எழுந்த பிராமணர் கோயில். அதனருகே பெரிய ஊஞ்சல். மார்கழி, தை மாதங்களையொட்டி வரும் விழாவின் பெயர் திரியம்பாவை, நம் திருவெம்பாவைதான். அதன் அடிகளைத் தாய்லாந்துப் பிராமணர் பொருள் அறியாமலே ஓதிவருகின்றனர், ஒலி தேய்ந்து உருமாறிய நிலையில். தமிழ் கற்பிக்கும் எங்களுக்கு அந்நகரத்தின் எந்த இரைச்சலைவிடவும் இதுவே அதிகம் உறுத்தியது. ஊஞ்சலாட்டம் 1930களிலேயே நின்றுவிட்டது. 2007இல் புதிதாக நாட்டிய செந்நிறத் தேக்குக் கம்பங்கள் ஊஞ்சலின்றி நிற்கின்றன. வண்டிகள் அவற்றைச் சுற்றிக்கொண்டு போகின்றன.