பொரியற் சட்டியிற் கண்ட சரித்திரம்

சரித்திரம் என்றவுடன் முடிமன்னரும் போர்க்களமும் நம் நினைவுக்கு வருகின்றன. ஊவாவின் சரித்திரம் என்றால் 1818ஆம் ஆண்டுக் கிளர்ச்சி, கோப்பித் துரைமார், 1924இல் பதுளைக்கு வந்த புகையிரதம் என்று சொல்லி முடித்துவிடுகின்றோம். விடியற் காலையில் லயத்துக் காம்பராவில் அடுப்பை மூட்டி, பெரட்டுக்குப் போகுமுன் ஒரு சட்டிப் பொரியலை இறக்கிவைத்துவிட்டு மலை ஏறிய நம் பாட்டிமாருக்கு அச் சரித்திரத்திலே இடமில்லை. அவர்கள் ஏடெழுதி வைத்தவர்களல்லர். ஆயினும், அவர்கள் இறக்கிவைத்த சட்டியையே ஓர் ஏடாகக் கொண்டு வாசிக்கலாம் என்பது நமது துணிபு. தேங்காய்ப்பூத் தூவிய கோவாப் பொரியல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள பொருள்கள் எங்கிருந்து, எப்போது, எவ்வழியாகப் பதுளை மலைகளுக்கு வந்து சேர்ந்தன என்று பார்ப்போம்.

முதலில் செய்முறையைச் சொல்லிவிடுதல் நன்று. அரைக் கோவாவை மெல்லியதாக அரிந்துகொள்ள வேண்டும். சட்டியில் இரண்டு தேக்கரண்டி எண்ணெய் காய்ந்ததும் அரைத் தேக்கரண்டி கடுகு இட வேண்டும். கடுகின் உள்ளேயிருக்கும் ஈரம் ஆவியாகித் தோலை உடைப்பதனாலேயே அது வெடிக்கின்றது. வெடித்து அடங்கியதும் ஒரு தேக்கரண்டி உளுத்தம்பருப்பு, கிள்ளிய காய்ந்த மிளகாய் இரண்டு, கறிவேப்பிலை ஒரு கொத்து. பருப்புச் சிவந்ததும் கோவாவையும் உப்பையும் இட்டுக் கிளற வேண்டும். தண்ணீர் விடலாகாது. கோவாவிற் பெரும்பங்கு நீரே. உப்புப் பட்டதும் அந்நீர் வெளிவந்து காயை வேகவைக்கும். பத்து நிமிடத்தில் வெந்துவிடும். கால் மூடித் தேங்காய்ப்பூவைக் கடைசியிலே தூவி, ஒருமுறை பிரட்டி இறக்க வேண்டும். முன்னரே இட்டால் தேங்காயின் மணமும் இனிப்பும் நெருப்பிலே போய்விடும்.

இந்தத் தாளிதந்தான் நம் முன்னோர் தம்முடன் கொண்டுவந்த சொத்து. 1830ஆம் ஆண்டுகளிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்காகத் திருச்சிராப்பள்ளி, மதுரை, தஞ்சாவூர், சேலம் முதலிய மாவட்டங்களினின்றும் மக்கள் கடல் கடந்து தலைமன்னாரில் இறங்கினர். அங்கிருந்து காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து, பின்னர் மலையேறினர். காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் வழியிலே மாண்டவர் பலர். மூட்டையிற் பொருள் குறைவு. ஆயினும் கடுகும் உளுந்தும் இன்ன பதத்தில் இட வேண்டும் என்ற அறிவுக்கு மூட்டை தேவைப்படவில்லை.

ஆனால் கோப்பிக் காலத்திலே இப் பொரியல் இங்கு வேரூன்றியிருக்கும் என்று நாம் எண்ணவில்லை. கோப்பி பழுக்கும் பருவத்துக்கு வந்து, பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினவர்களே அதிகம். அவர்களுள் பெரும்பாலோர் ஆடவர். 1869இல் கோப்பி இலைநோய் தோன்றியது. பின்னர் கோப்பி அழிந்து, அதன் இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. கொழுந்து ஆண்டு முழுவதும் தளிர்ப்பது; கொழுந்தெடுக்கப் பெண்கள் வேண்டும். ஆதலால் குடும்பங்கள் வந்தன, வந்தவை தங்கின. அரிசியைத் தோட்டத்திலே கொடுத்து, அதன் விலையைக் கூலியிற் கழித்தார்கள். காய்கறிக்கு வழி தேடும் பொறுப்பு பெண்களைச் சேர்ந்தது.

விடியுமுன் பெரட்டுக் களத்தில் நிற்க வேண்டிய பெண்ணுக்கு நேரமேது? விறகோ தலையிற் சுமந்து வந்தது. உயர்ந்த மலைகளிலே தண்ணீர் குறைந்த வெப்பத்திற் கொதிப்பதால் பருப்பு வேகத் தாமதமாகும். பொரியலோ ஒரே சட்டியில், ஒரு கை விறகில், பத்து நிமிடத்தில் முடிந்துவிடுகின்றது. தோட்டத்து வாழ்க்கைக்கு இதைவிடப் பொருத்தமான கறி வேறில்லை என்றே சொல்லலாம்.

இனி, காய்ந்த மிளகாய். நாம் பயின்ற மிஷன் பாடசாலையிலே கொலம்பஸ் என்பாரையும் வாஸ்கோ ட காமா என்பாரையும் பற்றி மனனஞ் செய்து பரீட்சை எழுதினோம். அவர்களுடைய கடல்வழிகளிலே அமெரிக்கக் கண்டத்து மிளகாய் நம் நாடுகளுக்கு வந்ததென்பதை அந்நாளில் எவரும் நமக்குச் சொல்லவில்லை. மிளகாய் வருமுன் காரத்துக்கு மிளகே இருந்தது. ‘மிளகாய்’ என்ற பெயரும் அதிலிருந்தே பிறந்தது. அக் கடலோடிகளின் சரித்திரம் நம் வீட்டுச் சட்டியிலேயே இருந்ததை அறியாமல், அதைப் புத்தகத்தில் மட்டும் தேடினோம்.

காய்களின் கதை இன்னும் சுவையானது. தமிழகத்தார் முட்டைக்கோசு என்பதை நாம் கோவா என்கின்றோம். அது போர்த்துக்கேயரின் சொல்லிலிருந்து வந்தது. அவர்கள் பீன்ஸ் என்பதை நாம் போஞ்சி என்கின்றோம். அது ஒல்லாந்தரின் சொல். இரண்டையும் சிங்கள மக்களும் நம்மைப் போலவே வழங்குகின்றனர். அடுப்பு எரியும் ‘காம்பரா’ போர்த்துக்கேயம்; அதன் முன்னிருக்கும் ‘இஸ்தோப்பு’ ஒல்லாந்தம். மலைநாட்டின் குளிரிலே ஐரோப்பியக் காய்கறிகள் செழித்தது ஆங்கிலேயர் காலத்திலாகும். 1848இல் நுவரெலியாவிற் குடியேறிய சாமுவேல் பேக்கர் என்பார் தம் நாட்டிலிருந்து ஆட்களையும் கால்நடைகளையும் கொணர்ந்து பண்ணை அமைத்தார். துரைமாரின் மேசைக்கென வந்த கோவாவும் கரட்டும் லீக்ஸும் நாளடைவில் லயத்தின் பின்புறத்துத் துண்டு நிலங்களிலும் வேர்கொண்டன. இன்று வெலிமடையும் பண்டாரவளையும் அவற்றுக்குப் பேர்போன இடங்கள். துரைமார் அவித்து உண்டதை நம் பாட்டிமார் கடுகு தாளித்துத் தமதாக்கிக்கொண்டார்கள்.

தேங்காய்க்கு வருவோம். பதுளைப் பட்டணம் ஏறக்குறைய 2200 அடி உயரத்திலும் பண்டாரவளை ஏறக்குறைய 4000 அடி உயரத்திலும் உள்ளன. அப்புத்தளை, நமுனுகுலை, மடுல்சீமைத் தோட்டங்களின் குளிரிலே தென்னை காய்ப்பதில்லை. நம் சட்டியில் விழும் தேங்காய்ப்பூ குருநாகல், சிலாபம், கம்பஹாப் பகுதிகளிலிருந்து மலையேறி வருவது. தொடக்கத்தில் மாட்டுவண்டியில் வந்தது. 1894இல் புகையிரதம் பண்டாரவளையை எட்டியது. பதுளையை அடைய மேலும் 30 ஆண்டுகளாயின. ஆகவே, தமிழகத்துத் தாளிதத்துக்கு மணஞ்சேர்ப்பது தாழ்நாட்டுத் தோப்புகளின் தேங்காயாகும். அயலிலுள்ள சிங்கள வீட்டில் இலையையும் காயையும் பொடியாக அரிந்து தேங்காய்ப்பூவிட்டு ‘மல்லும்’ செய்கின்றார்கள். யாழ்ப்பாணத்தார் ‘வறை’ என்கின்றார்கள். மூன்றையும் ஒரே பந்தியில் வைத்தால் உறவு தானே விளங்கும்.

ஆனால் தேங்காய் எப்போதும் கிடைத்ததென்று எண்ணிவிடலாகாது. 1942இல் யப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் அரிசி வரவு நின்று, பங்கீடு வந்தது. அரிசிக்குப் பதிலாகக் கோதுமை மா கொடுக்கப்பட்டது. அன்று பழகிய ரொட்டி இன்றுவரை தோட்டத்து உணவாக இருக்கின்றது. 1973, 1974ஆம் ஆண்டுகளிலே பஞ்சம் வந்தபோது தோட்டங்களிற் பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. அந்நாளில் மலையோரத்துக் கீரையைப் பறித்து, உப்பு மட்டும் போட்டுக் கிளறிப் பிள்ளைகளுக்குக் கொடுத்த கதையை மூத்தோர் இன்றும் கண்ணீருடன் சொல்லுகின்றனர். 2021இல் நாட்கூலி 1000 ரூபாவென்று அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே பொருளாதார நெருக்கடி அதன் மதிப்பைத் தின்றுவிட்டது. தேங்காயைக் கால் மூடியாக எண்ணிச் செலவிடும் வழக்கம் சிக்கனமென்று பாராட்டப்படுகின்றது. அதன் பின்னால் உள்ள கூலிக் கணக்கையும் நாம் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் சொல்லியதற்குக் காரணம் உண்டு. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் நம்மவர்களை நாடற்றவராக்கிற்று. 1964 அக்டோபர் 30ஆம் திகதி சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரின் முடிவைப் பின்னுக்குத் தள்ளிவைத்தது. ஒரே லயத்திலிருந்து ஒரு குடும்பம் நீலகிரிக்குப் போயிற்று. அடுத்த காம்பராக் குடும்பம் இங்கே நின்றது. எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் வந்தது 2003இலே தான். ‘நீங்கள் எந்நாட்டவர்?’ என்று அதுவரை நம் மூத்தோரிடம் பத்திரம் கேட்டார்கள். அவர்களிடம் பத்திரம் இருக்கவில்லை. இச் சட்டி இருந்தது. அதில் தாளிதம் தமிழகத்தது; தேங்காய் தாழ்நாட்டது; காய் ஊவா மண்ணில் விளைந்தது; பெயரோ சிங்களவரும் நாமும் ஒருங்கே வழங்குவது. ஒரு மக்கட் கூட்டம் ஒரு நாட்டிற் குடிகொண்டதற்கு இதனிலும் வேறு சான்று வேண்டுமோ?

ஆடி மாதத்துக் கதிர்காம விரதத்திலும் கந்தசஷ்டியிலும் வாழையிலையின் ஓரத்திலே பொரியல் தவறாது இடம்பெறுகின்றது. அதை வைக்கும் கைகளுக்குரிய மரியாதையை நாம் இன்னும் செலுத்தவில்லை. இளைஞர் ஒவ்வொருவரும் தம் பாட்டியாரிடம் அமர்ந்து, அவர் எந்த ஊரார், எந்தத் தோட்டத்திற் பேர் பதிந்தார், பஞ்ச காலத்தில் என்ன சமைத்தார் என்பனவற்றைக் கேட்டு ஒரு கொப்பியில் எழுதிவைத்தல் வேண்டும். கேட்கும்போது சும்மா இராமல் தேங்காயையும் நாமே துருவிக் கொடுத்தல் வேண்டும். அக் கொப்பிகளைச் சங்கத்து நூல்நிலையத்தில் ஓர் அலுமாரியிற் சேர்த்துவைத்தால், அடுத்த தலைமுறைக்கு ஊவாத் தோட்ட மக்களின் சரித்திரம் அவர்கள் வாய்மொழியாகவே கிடைக்கும். மூத்தோர் பலர் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். காலந்தாழ்த்தாது இப்பணியைத் தொடங்குமாறு சங்க அன்பர்களைப் பணிவுடன் வேண்டுகின்றோம்.

வாழ்க நம் சங்கம்!