பாகையும் கிறேட்டும்: கோணப் பகுப்பின் வரலாறு பற்றிய ஒரு குறிப்பு

பருத்தித்துறை ஏறத்தாழ வட அகலக்கோடு 9 பாகை 50 கலையில் அமைந்துள்ளது. இதனைத் தசமத்தில் எழுதப் புகும் மாணவன் 9.50 என எழுதிவிடுவானாயின், ஊர் 37 கிலோமீற்றர் அளவு தெற்கே நகர்ந்து, ஆனையிறவை அண்டிய அகலக்கோட்டிற் போய் விழுந்துவிடும். ஒரு பாகைக்கு அறுபது கலை. ஆதலின் ஐம்பதை அறுபதால் வகுத்து 9.8333 எனக் கொள்ளல் வேண்டும். கணிதம் இவ்வளவே. ஆயின் ஏனைய அளவைகள் பெரும்பாலும் பத்தின் அடியில் அமைந்துவிட்ட உலகிற் கோணமும் நேரமும் மட்டும் அறுபதைப் பற்றி நிற்பதேன் என்னும் வினா கணிதத்துக்குரியதன்று, வரலாற்றுக்குரியது.

அறுபதின் அடியிலான எண்முறை பபிலோனியரிடமிருந்து கிரேக்க வானியலாருக்கு வந்தது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டினரான தொலமி தமது வானியல் நூலில் அறுபதின் கூறுகளையே கையாண்டார். புவியியல் நூலிலோ பாகையுடன் அரை, மூன்றிலொன்று, பன்னிரண்டிலொன்று என்னும் பின்னங்களாக இடங்களைக் குறித்தார். ஒரே ஆசிரியரின் இரு நூல்களுக்கிடையிலேயே மாற்றிக் கணிக்கும் தேவை இருந்தது என்க. பாகை, கலை, விகலை என நாம் வழங்குவதும், அறுபது நாழிகையை ஒரு நாளாகக் கொண்டதும் அறுபதின் வழிப்பட்டனவே. ஆகவே இதனை மேலைத்தேய முறையென ஒதுக்குவதற்கும் இடமில்லை. நம் முன்னோர் மட்டுமே கண்டதெனப் பெருமைகொள்வதற்கும் இடமில்லை.

இம்மரபை வேரோடு பெயர்க்க முனைந்தது பிரான்சியப் புரட்சி. செங்கோணம் தொண்ணூறு பாகையன்று, நூறு கிறேட் என வகுக்கப்பட்டது. ஒரு கிறேட்டுக்கு நூறு கூறுகள். துருவத்திலிருந்து மத்தியகோடு வரையுள்ள தூரத்தின் கோடியில் ஒரு பங்கே மீற்றர் என்பதால், நிலப்பரப்பில் ஒரு கிறேட் நூறு கிலோமீற்றராகவும், அதன் நூற்றிலொரு கூறு ஒரு கிலோமீற்றராகவும் அமைந்தன. கடல்மைல் கலையின் பிள்ளையாயின், கிலோமீற்றர் கிறேட்டின் பிள்ளை. 1792 முதல் 1798 வரை டெலாம்பரும் மெஷேனும் டன்கேர்க்கிலிருந்து பார்சலோனா வரை நடத்திய அளவை இதற்காகவே.

புதிய கோணத்துக்குப் புதிய அட்டவணைகள் வேண்டியிருந்தன. நிலவரியை நியாயமாக விதிப்பதற்கென அமைந்த நில அளவை அலுவலகத்தின் தலைவரான புறோனி என்னும் பொறியியலாளர் இப்பணியை ஏற்றார். அடம் சிமித் ஊசித் தொழிற்சாலையைக் கொண்டு விளக்கிய தொழிற்பிரிவினையை அவர் கணிதத்திற் புகுத்தினார். மேலே சூத்திரங்களை வகுக்கும் கணித அறிஞர் சிலர். இடையில் அவற்றை எண்களாக்குவோர். கீழே கூட்டலும் கழித்தலும் மட்டும் அறிந்த பெருந்தொகையினர். இக்கடைநிலையினரிற் பலர், பிரபுக்களின் பொய்முடி அலங்காரம் வழக்கொழிந்ததால் வேலையிழந்த சிகையலங்காரத் தொழிலாளர் என்று கூறப்படுகிறது. இவர்கள் உழைப்பில் உருவான பெருந்தொகுதிகள் பணமுடையால் அச்சேறாது கிடந்தன. சுருக்கிய பதிப்பொன்று 1891இலேயே வெளிவந்தது. அறிஞர் பெயர்களை வரலாறு பேணிற்று. கூட்டிக் கழித்தவர் பெயர்களைக் காண்பது அரிது. மூளையுழைப்பையும் கூறுபோடலாம் என்பதற்குச் சான்றாக 1832இல் பாபேஜ் எடுத்துக்காட்டியது இவ்வலுவலகத்தையே. அவர் கணிக்கும் பொறிக்கு இட்ட திட்டங்களின் பின்னணியில் இம்மனிதரின் கைகளும் உள்ளன.

கிறேட் ஏன் நிலைக்கவில்லை? வழக்கத்தின் வலிமை என்பது போதிய விடையன்று. பூமி ஒரு நாளிற் சுழலும் கோணமே நெடுங்கோட்டையும் நேரத்தையும் இணைப்பது. 360ஐ 24ஆல் வகுத்தால் மணிக்குப் 15 பாகை. புரட்சி 1793இற் புகுத்திய பத்துமணி நாளின்படி, 400ஐப் பத்தால் வகுக்க 40 கிறேட். இதுவும் முழு எண்ணே. ஆனால் 1795 ஏப்ரலில் தசம நேரம் கைவிடப்பட்டது. இருபத்துநான்கு மணியோடு தனித்து நின்ற கிறேட்டுக்கு மணிக்குப் பதினாறேமூன்றிலிரண்டு என்னும் சில்லறையே எஞ்சியது. லப்பிளாஸ் தமது பெருநூலிற் கிறேட்டைக் கையாண்டார், மாலுமிகள் கையாளவில்லை. அவர்களது கடிகாரமும் கடல்வரைபடமும் கருவியும் பழைய பகுப்பிலேயே இருந்தன.

1884இல் வாஷிங்டனிற் கூடிய மாநாட்டில் 22 நாடுகள் கிறீன்விச்சை முதல் நெடுங்கோடாக ஏற்றன; சான் டொமிங்கோ எதிர்த்தது; பிரான்சும் பிரேசிலும் வாக்களிக்கவில்லை. கப்பற் சரக்களவில் 72 வீதம் ஏற்கெனவே கிறீன்விச்சைப் பின்பற்றியதென மாநாட்டில் எடுத்துரைக்கப்பட்டது. வானியலைவிட வாணிபமே அங்கு பேசியது எனலாம். கோணத்தையும் நேரத்தையும் தசமமாக்கும் ஆய்வுகள் மீளத் தொடங்கவேண்டும் என்றும் அதே மாநாடு தீர்மானித்தது. 1897இற் பாரிஸில் போய்ன்காரே பங்குகொண்ட ஆணைக்குழு ஒன்று இதனை ஆராய்ந்தது. 1900இல் அம்முயற்சி கைவிடப்பட்டது.

1911இல் பிரான்சு இயற்றிய சட்டம் சுவையானது. நாட்டின் நேரம் "பாரிஸ் சராசரி நேரத்திலிருந்து 9 நிமிடம் 21 செக்கன் குறைந்தது" என்ற பொருளில் அது அமைந்தது. கிறீன்விச் என்னும் பெயர் அதில் இல்லை. நாட்டின் தன்மானம் ஒரு கழித்தற் கணக்கினுள் மறைந்துகொண்டது.

படங்களிற் பாரிஸ் நெடுங்கோடும் கிறேட்டும் இருபதாம் நூற்றாண்டிலும் தொடர்ந்தன. அத்தகைய படத்திற் பாரிசுக்குக் கிழக்கே 5 கிறேட் எனக் குறித்த இடத்தை நாம் அறிய வேண்டின், முதலில் 0.9ஆற் பெருக்கி 4 பாகை 30 கலையாக்கி, அதன்பின் பாரிசுக்கும் கிறீன்விச்சுக்கும் இடையிலான 2 பாகை 20 கலை 14 விகலையைக் கூட்டி, 6 பாகை 50 கலை 14 விகலை எனப் பெறவேண்டும். பாகையிலுள்ள வேறுபாட்டை முதலிற் கூட்டிப் பின்னர் பெருக்குவோமாயின், வட அகலக்கோடு 45 பாகையில் அவ்விடம் ஏறத்தாழ 18 கிலோமீற்றர் மேற்கே விலகிவிடும்.