நீலகிரியில் ஒரு மலையகம்

யாழ்ப்பாணத்து மாணவருக்குக் குறிஞ்சித் திணையைக் கற்பிப்பது சற்றுச் சங்கடமான காரியம். முல்லைக்கு வன்னிக் காடு இருக்கிறது. மருதத்துக்கு வயல்வெளி உண்டு. நெய்தலோ வீட்டுக் கோடியிலேயே கிடக்கிறது. பாலையைக்கூட ஆடி மாதத்து மணற்காட்டைக் காட்டிச் சமாளித்துவிடலாம். மலைக்கு எங்கே போவது? "கீரிமலை இருக்குத்தானே சேர்" என்று வகுப்புக்கு ஒரு கெட்டிக்காரன் எழுந்து சொல்லுவான். கீரிமலை எவ்வளவு உயரம் என்பதை நேயர்கள் அறிவர்.

நீலகிரிக்குப் போக வேண்டும் என்ற என் ஆசைக்கு இந்தக் குறைதான் முதற் காரணம். 2023ஆம் ஆண்டு தைப்பொங்கலை ஒட்டி அது கைகூடிற்று. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899இலும் உதகமண்டலத்துக்கு 1908இலும் போடப்பட்ட பற்சக்கரப் புகையிரதப் பாதை இன்றும் ஓடுகிறது. பாக்குத் தோப்புகளைப் பின்னே விட்டு அது மூச்சிரைக்க ஏறும்போது எனக்கு நினைவு வந்தது நானுஓயாதான். குளிரும் பசுமையும் பனிமூட்டமும் அப்படியே நுவரெலியாவின் சாயல். இந்தச் சாயல் தற்செயலானதன்று என்பதைத்தான் இங்கு சொல்ல விரும்புகிறேன்.

மலையின் பழைய வரலாறு நெடியது. 1117ஆம் ஆண்டைச் சேர்ந்த ஹொய்சாளக் கல்வெட்டொன்று, விஷ்ணுவர்த்தனனின் தளபதி புணிசன் தொதவரை அச்சுறுத்தி நீலமலையைக் கைக்கொண்டான் என்கிறது. ஆகவே நீலம் என்ற பெயரும் தொதவர் என்ற குடியும் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே பதிவாகிவிட்டன. தொதவர் எருமை வளர்ப்பவர். அவர்களுடைய குடியிருப்பை அயலார் மந்து என்பர். பரோவும் எமனோவும் தொகுத்த திராவிட மொழிகளின் சொற்பிறப்பு அகராதி, அந்தக் குடியிருப்புக்குரிய தொதவச் சொல்லை நம்முடைய மன்று, மன்றம் என்பவற்றோடு ஒரே இனத்தில் வைக்கிறது. உதகமண்டலம் என்ற பெயரின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருப்பதும் இந்த மந்துதான் என்பர். வடமொழி மண்டலம் பின்னர் ஏறியது. தொதவருக்கு அயலே கைவினைஞரான கோத்தர், காட்டில் வாழும் குறும்பர், இருளர், மைசூர்ப் பக்கமிருந்து வந்து பயிரிட்ட படகர் என்று பல குடிகள் மலையைப் பகிர்ந்துகொண்டு, பாலும் பானையும் தானியமும் மாற்றி வாழ்ந்தன.

1819இல் கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜோன் சலிவன் மலையேறினார். 1822இல் அவர் உதகையில் கட்டத் தொடங்கிய வீட்டை ஊரார் இன்றும் கல் பங்களா என்கிறார்கள். அவர் வெட்டுவித்த ஏரியில்தான் இப்போது உல்லாசப் பயணிகள் படகு விடுகிறார்கள். மலை நிலம் தொதவருக்கே உரியது என்று மேலதிகாரிகளோடு வாதாடியவரும் இதே சலிவன்தான். அந்த நிலத்தை அற்ப விலைக்குத் தாமே வாங்கியதும் உண்மைதான். இரண்டையும் சேர்த்தே அவரை மதிப்பிட வேண்டும். நம் பக்கத்தில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் 1820களின் இறுதியில் நுவரெலியாவை நோயாளிப் படையினரின் ஆரோக்கிய நிலையமாக்கினார். ஏரி அங்கே பிந்தி, 1873இல் ஆளுநர் கிரெகரியின் காலத்தில் வந்தது. 1860களில் தென்னமெரிக்காவிலிருந்து கொய்னாவுக்காகக் கொண்டுவரப்பட்ட சிங்கோனாவை நீலகிரியில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் நட்டார்கள். நம் ஹக்கலைப் பூங்காவும் 1861இல் அதே மரத்துக்காகவே தொடங்கப்பட்டது. ஒரே ஆட்சி, ஒரே காய்ச்சல், ஒரே மரம். இரண்டு மலைகளும் இரட்டைப் பிள்ளைகளாக வளர்ந்ததில் வியப்பில்லை.

அப்படியானால் குறிஞ்சி எங்கே? பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூத்து மலையை நீலமாக்கும் அந்தச் செடி புல்வெளியில் வளர்வது. புல்வெளியின் பெரும்பகுதியில் யூக்கலிப்டசும் சவுக்கும் சீகையும் ஏறிவிட்டன. மற்றச் சரிவுகளில் தேயிலை. நான் போனது பூக்கும் காலமுமன்று. கபிலர் கண்ட மலையைத் தேடிச் சென்றவனுக்குக் கொழுந்து மலைதான் கிடைத்தது.

உதகையில் இரண்டு நாள் கழிந்ததும் மேற்கே கூடலூர்ப் பாதையில் இறங்கினேன். வழியில் நடுவட்டத்தில் ஒரு பழைய சிறைச்சாலை உண்டு. சீனக் கைதிகளைக் கொண்டுவந்து சிங்கோனாத் தோட்டத்தில் வேலை வாங்கிய காலத்தின் மிச்சம் அது. இந்த மலையில் பயிரும் வெளியிலிருந்து வந்தது, அதை நட்ட கையும் வெளியிலிருந்து வந்தது. கூடலூர் தாண்டிப் பந்தலூர், சேரம்பாடி என்று கேரள எல்லையை நெருங்க நெருங்க மலையாளம் காதில் கூடுதலாக விழும் என்று எண்ணியிருந்தேன். சேரம்பாடிக்கு அப்பால் ஒரு தேநீர்க் கடையில் என் காதில் விழுந்ததோ வேறு.

"ஒரு ராத்தல் பான் குடுங்க" என்றாள் ஒரு கிழவி.

தமிழ்நாட்டில் யாரும் பான் என்று சொல்வதில்லை. அது போர்த்துக்கேயரிடமிருந்து நமக்கு வந்த சொல். இறாத்தலும் அங்கே எப்போதோ வழக்கொழிந்துவிட்டது. கடைக்காரருக்கு விளங்கியது, எடுத்துக் கொடுத்தார். நான் பேச்சுக் கொடுத்தேன்.

"ஐயா எந்தப் பக்கம்?"

"யாழ்ப்பாணம், அம்மா."

"அப்ப நம்ம ஊருதான்!" என்றார் அவர். கடையிலிருந்த மற்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பிறந்தது அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில். அவருடைய தாயும் அங்கேதான் பிறந்தாராம். 1970களில், இருபது வயதில், கைப்பிள்ளையோடு கப்பலேறியிருக்கிறார். "எங்க தோட்டத்து இஸ்கூல்ல யாழ்ப்பாணத்து வாத்தியார் ஒருத்தர் இருந்தாரு. பெரிய கோவக்காரர். ஆனா எழுத்துக் கத்துக் குடுத்திட்டாரு" என்றார். என் தொழிலை அதுவரை நான் சொல்லியிருக்கவில்லை. பிறகும் சொல்லவில்லை.

நேயர்களில் இளையவர்களுக்காக இந்த வரலாற்றைச் சுருக்கிச் சொல்ல வேண்டும். கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்குமாகத் தென்னிந்தியாவிலிருந்து அழைத்துவரப்பட்டவர்களின் சந்ததியினர் 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவரானார்கள். செல்வநாயகம் அதை எதிர்த்து நின்றார். 1949இல் தமிழரசுக் கட்சி பிறந்ததற்கு அது ஒரு பெருங்காரணம். 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள். 9,75,000 பேர் என்று கணக்கு. அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சமான 1,50,000 பேரை 1974இல் இந்திரா காந்தியுடன் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். காணி பிரிக்கும்போதுகூடக் கிணற்றையும் பனையையும் பார்ப்பார்கள். இங்கே தலைகள் மட்டும் எண்ணப்பட்டன. விண்ணப்பம் கோரப்பட்டபோது இலங்கையைக் கேட்டவர்கள் அதற்கென ஒதுக்கிய எண்ணிக்கையை இருமடங்குக்கும் மேல் கடந்துவிட்டார்கள். அந்த மக்களின் தீர்ப்பு அதுதான். அதை ஒப்பந்தம் செய்தவர்கள் வாசிக்கவில்லை.

அவர்களை மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்கு ஏற்றிச் சென்ற புகையிரதத்துக்கு மலையக மக்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. மேடையில் நின்றவர்களும் பெட்டியில் இருந்தவர்களும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு இழவு வீட்டில் அழுவதுபோல் அழுததால் வந்த பெயர். எழுத்தாளர் மு. சிவலிங்கம் தம் சிறுகதைத் தொகுதிக்கு அதையே தலைப்பாக வைத்தார். அந்தக் கிழவியின் தம்பிக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்ததாம், அவருக்கு இந்தியக் கடவுச்சீட்டு. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இரண்டு நாட்டுக்காரர் ஆனார்கள். 1984இல் தலைமன்னார்க் கப்பல் நின்றுபோவதற்குள் நான்கு இலட்சத்துக்கு மேற்பட்டோர் இப்படிப் போய்ச் சேர்ந்துவிட்டனர்.

அங்கே அவர்களுக்கு அரசாங்கம் இட்ட பெயர் தாயகம் திரும்பியோர். தமிழ் கற்பிப்பவன் என்ற முறையில் இந்தத் தொடர் என்னை உறுத்துகிறது. திரும்புதல் என்ற வினைக்கு முன்னர் புறப்படுதல் என்ற வினை நிகழ்ந்திருக்க வேண்டும். அட்டனில் பிறந்தவள், அட்டனில் பிறந்தவளின் மகள், எங்கிருந்து புறப்பட்டு எங்கே திரும்பினாள்? இலங்கையில் 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பிலிருந்து அவர்கள் இந்தியத் தமிழர். சேரம்பாடியில் அவர்கள் சிலோன்காரர். வாழ்கிற இடத்தின் பெயர் எந்த ஊரிலும் அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை. யாழ்ப்பாணத்தவராகிய நாம் வழங்கிய பெயரை வானொலியில் சொல்லக் கூசுகிறது. கிழவி அதைக் கூசாமல் சொன்னார், சிரித்துக்கொண்டே.

சமவெளியில் சிறு கடனோடு இறக்கிவிடப்பட்ட பலர் தெரியாத தொழிலில் கையைச் சுட்டுக்கொண்டு, தெரிந்த தொழிலைத் தேடி மலையேறினார்கள். தமிழ்நாட்டு அரசு 1968இல் இவர்களுக்கென்றே நீலகிரியில் வனத்துறையின் கீழ்த் தேயிலை பயிரிடத் தொடங்கியது. 1976இலிருந்து அது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாக இயங்குகிறது. டேன்டீ என்று சொன்னால்தான் அங்கே விளங்கும். காட்டை வெட்டியவர்கள் இவர்கள், கன்று நட்டவர்கள் இவர்கள். உதகைக்குப் போகிறவர்கள் பேருந்தின் யன்னலால் பார்த்து மெச்சுகிற அந்தப் பச்சைக் கம்பளத்தில், கண்டியிலும் பதுளையிலும் கவ்வாத்து வெட்டிப் பழகிய கையின் வேலையும் உண்டு.

கிழவியின் மகன் என்னைக் குடியிருப்புக்கு அழைத்துப் போனார். அயல் தோட்டங்களில் தொழிலாளர் வரிசை வீட்டைப் பாடி என்கிறார்கள். இவர்கள் லயம் என்றார்கள். கன்று வளர்க்கும் இடம் தவறணை. காலையில் ஆள் கணக்கெடுப்பது பெரட்டு. ரொட்டியும் கட்டைச் சம்பலும் வந்தன. சுவரில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைக் குடும்பப் படம். பின்னே தெரிவது சிவனொளிபாதமலை என்று பேரப்பிள்ளை எனக்கு விளக்கினான். அவன் அதைக் கண்டதில்லை. மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளை 1984இல் மறைந்தார். அவர் இந்தப் பக்கத்துக்கும் ஒரு குறிப்பேட்டோடு வந்திருக்கக் கூடாதா என்று அப்போது ஏங்கினேன். தொதவர் பாட்டுகளை எமனோ 1930களில் வந்து கேட்டுத் தொகுத்து 1971இல் அச்சிட்டார். இவர்களுடைய பேச்சையும் பாட்டையும் பேரப்பிள்ளைகள் தமிழ்நாட்டுப் பாடசாலைத் தமிழில் கரைத்துவிடுமுன் யாராவது எழுதிவைக்க வேண்டும். நம் பல்கலைக்கழகங்களில் தமிழ் ஆய்வுக்குத் தலைப்புத் தேடி அலைகிற பிள்ளைகள் கவனிக்கலாம்.

மகனுக்கு வேறு கவலை. கழகம் நட்டத்தில் ஓடுகிறதென்று 2022இல் அரசு ஏறத்தாழ 2,150 ஹெக்டேயர் தேயிலை நிலத்தை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க ஆணையிட்டது. யானைக்கும் காடு வேண்டும். வனத்துறையின் நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் ஓய்வு பெற்றவர்கள் லயத்தைக் காலி செய்ய வேண்டும் என்றபோது, ஐம்பது ஆண்டு அங்கே வாழ்ந்தவர்களுக்குக் கையில் ஒரு துண்டுக் காணியும் இல்லை. நான் போன வேளையில் எல்லார் வாயிலும் இதே பேச்சு. "நிலத்தைத் திருப்பிக் குடுக்கிறாங்களாம். நாங்க எங்க திரும்பிப் போறது?" என்று மகன் கேட்டார். திரும்புதல் என்ற வினை அங்கேயும் வந்து நின்றது. அதே 2023இல் இலங்கையில் மலையகத்தின் இருநூறாம் ஆண்டை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு, பழைய வழியே, மக்கள் நடந்தார்கள். அந்த நடைச் செய்திகளைப் பத்திரிகையில் வாசித்தபோது அவர்களுடைய ஞாபகம் வந்தது.

புறப்படும்போது கிழவி வாசல் வரை வந்தார். தோட்டத்துக் கோயில் இருக்கிறதா, தம்பி வீட்டுப் பக்கம் றோட்டுப் போட்டுவிட்டார்களா என்றெல்லாம் கேட்டார். அட்டன் எனக்கு அவ்வளவு பழக்கமில்லை என்றேன். பிறகு அவர் குரலைத் தாழ்த்தி, "அங்க இப்ப ஒரு பேருக்கு எவ்வளவு குடுக்கிறாங்க, ஐயா?" என்று கேட்டார்.

பேர் என்பது தோட்டத்துப் பாஷையில் ஒரு நாட் சம்பளம். 2021இலிருந்து 1,000 ரூபா என்றேன். இந்தியக் காசில் எவ்வளவு என்று மகன் கைத்தொலைபேசியில் தட்டிப் பார்த்தார். இருநூற்று இருபது, முப்பது ரூபாவுக்குள் வந்தது. கிழவி ஒன்றும் சொல்லவில்லை. சற்றுப் பொறுத்து, "கொழுந்து எத்தனை கிலோ எடுக்கணும்?" என்றார்.