தண்டவாளம் பெயர்ந்த ஊரும் மிட்வே கடற்போரும்

கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்து வளர்ந்தோர்க்குக் கடல் என்பது பெரும்பாலும் கேள்விப் பொருளே. மேற்கே ஏலமலைத் தொடர், கிழக்கே மேகமலை, இடையே முல்லைப்பெரியாற்று நீர் பாயும் இருபோக நஞ்சை. மலையைக் கண்டு மழையைக் கணிக்கத் தெரிந்த நம்மவர்க்கு அலையைக் கண்டு காற்றைக் கணிக்கத் தேவை நேர்ந்ததில்லை. ஆயினும் 1942ஆம் ஆண்டில் கடலில் நிகழ்ந்த ஒரு பெரும்போரின் விளைவு இப்பள்ளத்தாக்கின் உலைப்பானை வரை வந்து சேர்ந்தது. அதனை எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மதுரையிலிருந்து தேனி வழியாகப் போடிநாயக்கனூர் வரை 1928இல் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. மலைவிளைபொருள்கள் சமவெளிக்கு இறங்கும் வாயிலாகப் போடி விளங்கியது. இரண்டாம் உலகப்போர் மூண்டபின், போர்த்தேவையை முன்னிட்டு இத்தடத்தின் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. விடுதலைக்குப் பின்னர், 1950களில்தான் அவை மீண்டும் இடப்பட்டன. 2010இன் இறுதியில் அகலப்பாதைப் பணிக்காக நின்றுபோன ரயில், 2023இல் போடிக்குத் திரும்பியபோது நாம் அடைந்த மகிழ்ச்சி பெரிது. அம்மகிழ்ச்சிக்கிடையே, முதன்முறை ரயிலை இழந்த தலைமுறையை நினைத்தவர் சிலரே.

இனிக் கடலுக்குச் செல்வோம். 1942 மார்ச்சு 8ஆம் நாள் இரங்கூன் ஜப்பானியர் வசமானது. பர்மாவில் வாழ்ந்த தமிழர் பல்லாயிரவர் காடும் மலையும் கடந்து நடந்தே தாயகம் திரும்பினர்; வழியில் மாண்டோர் பலர். அடுத்த மாதமே அட்மிரல் நகுமோவின் தலைமையில் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள் இந்தியப் பெருங்கடலுள் நுழைந்தன. அகாகி, சோர்யூ, ஹிர்யூ, ஷோகாகு, சுய்காகு என்பன அவற்றின் பெயர்கள். பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய ஆறனுள் காகா மட்டுமே பழுது நீக்கத்திற்காகத் தாயகம் சென்றிருந்தது.

ஏப்ரல் 4ஆம் நாள் மாலை, இலங்கையின் கொக்கலையிலிருந்து பறந்து சென்ற கேட்டலினா விமானம் ஒன்று அப்படையைக் கண்டது. அதனைச் செலுத்தியவர் கனடா நாட்டவரான லியனார்டு பர்ச்சால். விமானம் சுட்டு வீழ்த்தப்படுமுன் எச்சரிக்கைச் செய்தி கொழும்பை எட்டிவிட்டது. மறுநாள், ஈஸ்டர் ஞாயிறு காலையில், ஏறத்தாழ 125 விமானங்கள் கொழும்பைத் தாக்கின. துறைமுகத்திலிருந்த கப்பல்களுட் பல முன்னரே வெளியேற்றப்பட்டிருந்தமையால் சேதம் குறைந்தது. எனினும், அன்று நண்பகலுக்குப் பின் டார்செட்ஷயர், கார்ன்வால் என்னும் இரு பிரித்தானியப் போர்க்கப்பல்கள் நடுக்கடலில் மூழ்கடிக்கப்பட்டன. 424 பேர் மாண்டனர். ஏப்ரல் 9இல் திருகோணமலை தாக்கப்பட்டது. தன் விமானங்கள் உடனில்லாமல் கடலில் சென்றுகொண்டிருந்த ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் 307 பேருடன் ஆழ்ந்தது. அதே வாரத்தில் வங்கக்கடலில் வணிகக் கப்பல்கள் இருபதுக்கும் மேற்பட்டவை அழிக்கப்பட்டன; விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. சென்னை மாநகரமே அச்சத்தால் காலியாயிற்று. மக்கள் மூட்டை முடிச்சுகளோடு உள்நாட்டு ஊர்களை நாடினர்.

எண்ணிக்கையால் நோக்கின் இது ஜப்பானியர்க்குப் பெருவெற்றி. ஆயினும் இதனைத் தீர்வு கண்ட போர் என்று கூறுதற்கில்லை. பிரித்தானியக் கிழக்குக் கடற்படையின் தலைவர் சாமர்வில், மாலத்தீவுகளின் அட்டு தீவுத்திரளில் மறைவான தளம் ஒன்றை வைத்திருந்தார். பகற்பொழுதில் எதிரியின் விமானங்கள் முன் அகப்பட்டால் தம் பழைய போர்க்கப்பல்கள் தாங்கா என்பதை அறிந்து, நேர்மோதலைத் தவிர்த்தார். வீரம் குன்றிய செயலென இதனை இகழ்வோர் உளர். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. வலியறிந்து ஒதுங்குதலும் போர்த்தொழிலின் ஒரு கூறே. படை எஞ்சினால்தான் கடல்வழி எஞ்சும்.

இங்கே கூர்ந்து நோக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. ஏப்ரல் 5ஆம் நாள், கொழும்பை மீண்டும் தாக்கவேண்டி, கப்பல்களை அழிக்கும் டார்ப்பிடோக்களைக் கழற்றித் தரைக்குண்டுகளைப் பொருத்துமாறு நகுமோ ஆணையிட்டார். இடையில் எதிரிக் கப்பல்கள் தென்பட்டன என்ற செய்தி வரவே, ஆணை தலைகீழாக மாறியது, காலம் வீணாயிற்று. ஏப்ரல் 9இல் ஒன்பது பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்கள் எவர் கண்ணிலும் படாமல் வந்து அகாகியின் அருகிலேயே குண்டு வீசின. குறி தவறியது, வந்தவற்றுள் ஐந்து விமானங்கள் வீழ்ந்தன. தம் காவலில் ஓட்டை உண்டு என்பதை ஜப்பானியர்க்கு உணர்த்த இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. வெற்றிக் களிப்பில் இருந்தவர்கள் அதனைப் பாடமாகக் கொள்ளவில்லை.

இரண்டே மாதத்தில் அப்பாடம் வேறொரு கடலில் கற்பிக்கப்பட்டது. ஷோகாகுவும் சுய்காகுவும் மே மாதம் பவளக்கடற் போரில் ஈடுபட்டன. முன்னது பழுதுபட்டது, பின்னது விமானங்களை இழந்தது. எனவே பசிபிக் பெருங்கடலின் நடுவேயுள்ள மிட்வே தீவுக்கு நகுமோ நான்கு விமானந்தாங்கிகளுடனேயே சென்றார். ஜப்பானியரின் மறைமொழியை அமெரிக்கர் ஓரளவு படித்தறிந்திருந்தமையால், அட்மிரல் நிமிட்சின் கப்பல்கள் மூன்று அங்கே காத்திருந்தன. ஜூன் 4ஆம் நாள் காலை, கொழும்பில் நிகழ்ந்த அதே தடுமாற்றம் மீண்டும் நேர்ந்தது. தீவை மறுமுறை தாக்கக் குண்டு மாற்றும் ஆணை. எதிரிக் கப்பல் பற்றிய செய்தி. மீண்டும் ஆணை மாற்றம். 10.20 மணியை ஒட்டிய சில நிமிடங்களில் அமெரிக்கரின் செங்குத்துப் பாய்ச்சல் விமானங்கள் அகாகி, காகா, சோர்யூ மூன்றையும் தீக்கிரையாக்கின. மாலையில் ஹிர்யூவும் வீழ்ந்தது. ஜப்பானியர் மூவாயிரவர் மாண்டனர். அமெரிக்கர் யார்க்டவுன் என்ற விமானந்தாங்கியை இழந்தனர்.

கொழும்பின் மீது விமானங்களை ஏவிய ஐந்து கப்பல்களுள் மூன்று இவ்வாறு இரண்டே மாதத்தில் கடலடியில் கிடந்தன. அத்தகைய பெரும்படை அதன்பின் வங்கக்கடற் பக்கம் வரவேயில்லை. நம் கிழக்குக் கரையின் அச்சம் தணிந்ததற்கு, நாம் பெயரும் கேட்டிராத ஒரு தீவில் நிகழ்ந்த போரும் காரணம் என்பதில் ஐயமில்லை.

ஆனால் இக்கதையை இங்கேயே முடித்துவிடுதல் நேர்மையாகாது. கடலில் போர் திரும்பியதே தவிர, பர்மா அரிசி திரும்பவில்லை. இரங்கூன் மீட்கப்பட்டது 1945 மே மாதத்தில். அதற்குள் 1943இல் வங்காளம் பெரும்பஞ்சத்தைக் கண்டது. நம் மலைக்கு அப்பாலுள்ள திருவிதாங்கூர் பர்மா அரிசியைப் பெரிதும் நம்பியிருந்த நாடு. அங்குப் பசி தலைவிரித்தாடியது. உணவுப்பயிர் செய்வதற்கென அவ்வரசு மலைக்காடுகளைத் திறந்துவிட்டது. குமுளிக்கும் கம்பம் மெட்டுக்கும் அப்பால் இன்று நாம் காணும் குடியேற்றங்கள் பலவற்றின் தொடக்கம் அப்பசியில் இருக்கிறது. மலைக்கு இப்புறம் விளைந்த நெல், மலைக்கு அப்புறம் பொன்னாயிற்று.

1025இல் இராசேந்திர சோழனின் கப்பற்படை கடாரம் கொண்டதை வகுப்பறையில் நாம் பெருமிதத்தோடு கற்பிக்கிறோம். அது கற்பிக்கத்தக்கதே. ஆனால் அதே கடலில், நம் பாட்டன்மார் காலத்தில், அவர்தம் சோற்றையும் ரயிலையும் பறித்த போர் பற்றி மாணவர்க்கு ஒரு சொல்லும் சொல்வதில்லை. நாம் வென்ற கடலை மட்டும் நினைப்பது வரலாறன்று. பிறர் பொருத கடலில் நம்மவர் பட்ட துயரும் நம் வரலாறே.

போடி ரயிலில் அடுத்த முறை பயணம் செய்வோர், ஆண்டிபட்டிக் கணவாயைக் கடக்கும்பொழுது இதனை ஒருகணம் நினைத்துக்கொள்வாராக. காலடியில் ஓடும் தண்டவாளம் ஒருகாலத்தில் இல்லாமற் போனது. அதன் காரணங்களுள் ஒன்று, இங்கிருந்து கண்ணுக்கெட்டாத் தொலைவிலுள்ள கடல்.