கம்பியை ஆட்டிய கைப்பிடி

வீணை வாசிப்பவருக்குக் கமகம் விரல்நுனியில் இருக்கிறது. கம்பியைச் சற்றே ஒதுக்கி இழுத்தால் ஸ்வரம் அசைந்து கொடுக்கும். விட்டால் தன் இடத்துக்கு வந்துவிடும். அமெரிக்க கிதார்க்காரர்களுக்கோ ஆறு கம்பிகளும் ஒருசேர அசைய வேண்டும் என்று ஆசை பிறந்தது. அதற்காகக் கிதாரின் வால்புறத்தில் ஒரு கைப்பிடி வைத்தார்கள். வைத்தது பெரிதல்ல, அசைத்த கம்பியைப் பழைய சுருதிக்குத் திருப்பிக் கொண்டுவர அரை நூற்றாண்டு பிடித்தது.

ஹவாய் கிதாரின் இழைவில் அமெரிக்கா சொக்கிக் கிடந்த காலம். 1929-ல் டாக் காஃப்மன் என்பவர், பக்கவாட்டில் ஆட்டும் கைப்பிடி ஒன்றுக்கு உரிமைப் பட்டயம் கேட்டு மனுப் போட்டார். பிறகு கையே வேண்டாம் என்று கிதாருக்குள் மின்சார மோட்டாரையே வைத்துவிட்டார் மனிதர்! ரிக்கன்பேக்கர் கம்பெனி 1937-ல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கனம் தாங்காமல் வாத்தியத்தை ஒலிபெருக்கிப் பெட்டியின்மேல் தாங்கு கொடுத்து நிறுத்த வேண்டியிருந்தது.

பாடகர் மெர்ல் டிராவிஸிடம் காஃப்மனின் கைப்பிடி ஒன்று இருந்தது. ஆட்டினால் சுருதி போய்விடும். அதைப் பழுது பார்க்கச் சொல்லிப் பால் பிக்ஸ்பியிடம் கொடுத்தார். பிக்ஸ்பி மோட்டார் சைக்கிள் பந்தயக்காரர்; இரும்பு வேலையில் கைதேர்ந்தவர். பழையதைச் சீர்செய்து பயனில்லை என்று கண்டு, 1950-ஐ ஒட்டிப் புதிதாகவே ஒன்று செய்தார். கம்பிகள் ஓர் உருளையில் மாட்டியிருக்கும். கைப்பிடிக்கு அடியில் பருத்த சுருள்வில் ஒன்று. மெல்லிய நடுக்கத்துக்கு அதைவிட இனிய சாதனம் இன்றும் இல்லை என்பது என் கட்சி.

கிதார் வாசிக்கத் தெரியாத ரேடியோ ரிப்பேர்க்காரர் லியோ ஃபெண்டர், 1954-ல் ஸ்ட்ராடோகாஸ்டரை வெளியிட்டார். அதில் குதிரையும் வாலும் ஒரே துண்டு. ஆறு திருகாணிகளைப் பற்றிக்கொண்டு அது முன்னே சாயும். முதுகுப்புறக் குழியில் உள்ள வில்கள் பின்னே இழுக்கும். குதிரையே கம்பியோடு நகர்வதால் அங்கே உராய்வு குறைந்தது. ஆனால் பெயரில் கோட்டை விட்டார். சுருதி அசைவதற்கு ‘விப்ராடோ’ என்று பெயர். ஒலி ஏறித் தணிவதற்கு ‘டிரெமலோ’. ஃபெண்டர் தம் கைப்பிடியை டிரெமலோ என்றார், ஒலிபெருக்கியில் ஒலியைத் துடிக்க வைக்கும் ஏற்பாட்டை விப்ராடோ என்றார். மாமனாரை மருமகன் என்று கூப்பிட்ட கதைதான். அந்தப் பெயரே இன்னமும் நிலைத்திருக்கிறது.

குதிரையில் தீர்ந்த வம்பு மறுமுனையில் மிச்சமிருந்தது. கிதாரின் கழுத்து முனையில் கம்பிகள் பதிந்து செல்லும் சிறு பள்ளங்கள் உண்டு. கைப்பிடியை அழுத்தும்போது தளர்ந்து நழுவுகிற கம்பி, திரும்பி வருகையில் பள்ளத்தில் மயிரிழை அளவு சிக்கிக்கொள்கிறது. அவ்வளவு போதும், அபஸ்வரம். முறுக்காணியில் சுற்றிய கம்பியின் தளர்ச்சி வேறு. அனுபவஸ்தர்கள் பள்ளத்தில் பென்சில் கரியைத் தடவுவார்கள். ஆணியில் இரண்டு மூன்று சுற்றுக்கு மேல் விடமாட்டார்கள். புதுக் கம்பியை நன்றாக இழுத்துப் பழக்குவார்கள். சுருதியை எப்போதும் கீழிருந்து மேலாகவே கூட்டுவார்கள்.

1969 ஆகஸ்டில் வுட்ஸ்டாக்கில் அமெரிக்க தேசிய கீதத்தை வாசித்த ஜிமி ஹென்ட்ரிக்ஸ், கைப்பிடியை அழுத்திக் கம்பிகளை அலற வைத்தார். மேடையில் நின்றபடியே சுருதி சேர்த்துக்கொள்வது அவருக்கு வழக்கமாகவே இருந்தது.

கடைசியில் ஃபிளாய்ட் ரோஸ் என்பவர் கம்பிகளைக் கழுத்து முனையிலேயே கவ்விப் பிடித்துத் திருகிப் பூட்டிவிட்டார். 1979-ல் பட்டயம் கிடைத்தது. நழுவ இடமில்லாததால் சுருதி நின்றது. ஆனால் பூட்டிய பிறகு முறுக்காணியைத் திருகிப் பயனில்லையே! அதற்காகக் குதிரையில் குட்டித் திருகாணிகளைச் சேர்க்க வேண்டி வந்தது. ஒரு கம்பி அறுந்தால் வில்களின் கை ஓங்கி மற்ற ஐந்தும் சுருதி ஏறிவிடும். மாற்றுவதற்கோ திருகுசாவி வேண்டும். அமைதியான பாட்டுக்கு இதை வாங்குவது, தொட்டிலுக்குத் தேர்வடம் கட்டுவது போல.

எரிக் கிளாப்டன் இந்த வம்பே வேண்டாம் என்று தம் ஸ்ட்ராடோகாஸ்டரின் முதுகுக் குழியில் ஒரு மரத்துண்டைச் செருகி, கைப்பிடி அசையாமல் செய்துவிட்டார்.